வளைத்து எழுதத் தெரியாத ஆர்ட்டிஸ்ட்

தேனி பஜாரில் என்னை ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் என் தப்பு எதுவும் இல்லை. கடை போட்டபோது பலகையில் 'சுந்தர் ஆர்ட்ஸ்' என்று நானே எழுதி மாட்டினேன், அதைப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். சரி, என் தப்புதான்.

என் முழுப்பெயர் சுந்தர்ராஜ். பிறந்தது போடியில். அப்பா அங்கே சின்னதாக ஒரு பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவது என் வேலை. தட்டில் ஒழுங்காக வெட்டுவேன். செம்பு, குடம் என்று வந்தால் கை என் பேச்சைக் கேட்காது. கழுத்துப் பக்கம் ஆரம்பித்த மாப்பிள்ளை பெயர் வயிற்றுப் பக்கம் இறங்கி, பெண்ணின் பெயர் அடிப்பாகத்தில் போய் முடியும். அப்படி வெட்டிய ஒரு குடத்தைப் பெண் வீட்டார் திருப்பிக் கொண்டுவந்த அன்று, அப்பா என்னைக் கடையை விட்டு இறங்கச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தட்டையா இருக்கிற எதையாச்சும் பாத்துப் பொழச்சுக்கடா" என்றார். தட்டையாக இருப்பது பலகை. அப்படித்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் தேனிக்கு வந்து போர்டு எழுத ஆரம்பித்தேன்.

என் கலை முழுவதும் ஒரு நூலில் இருந்தது. நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் பலகையில் நேர்கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் எழுத்தைப் படுக்கப் போட வேண்டியதுதான். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் கடை முதலாளியையே பிடிக்கச் சொல்லிவிடுவேன். அவர்களும் தாங்களே போர்டு எழுதிய மாதிரி சந்தோஷப்படுவார்கள். ஆனால் நூலை எப்படிச் சுண்டினாலும் கோடு நேராகத்தான் விழுமே தவிர, வளைந்து விழாது. அங்கேதான் என் கலை முடிகிறது.

இரண்டு வருடம் யாரும் வளைவு கேட்கவில்லை. அறுபத்தைந்தில் ஓர் அரிசிக்கடைக்காரர் கேட்டார். மதுரையில் ஏதோ ஒரு கடையில் பார்த்தாராம், பெயர் வானவில் மாதிரி மேலே வளைந்து நின்றதாம், அதே மாதிரி வேண்டும் என்றார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆர்ட்டிஸ்ட் அல்லவா?

"எழுதலாம் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா வியாபாரத்துக்கு ராசியில்ல பாத்துக்கங்க" என்றேன்.

"ஏன்?"

"நடு உசந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சு நிக்குதுல்ல? வாரதெல்லாம் அந்தச் சரிவுலயே வழுக்கிப் போயிரும்."

அவர் முகம் மாறிவிட்டது. நேராகவே எழுதச் சொன்னார். நூலின் அடுத்த முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை சொன்னீக" என்று மூன்று தடவை சொன்னார்.

அந்த வாரத்துக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆறு மாதத்தில் போடிக்குப் போய்விட்டது. அங்கே ஓர் ஏலக்காய் வியாபாரி, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாதபடி இருந்த வளைவு எழுத்தைச் சுரண்டிவிட்டு என்னிடம் வந்து நேராக எழுதி வாங்கிப் போனார். அதை எழுதியவர் யாரோ தெரியாது, என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரர். இன்னொரு நாள் டீக்கடையில் ஒருவர் இதே விஷயத்தை எனக்கே விளக்கினார். வளைவு எழுத்தால் நொடித்துப்போன நான்கு கடைகளின் பெயரையும் சொன்னார். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

இப்படி ஒன்பது வருடம் தேனி பஜாரில் ஓர் எழுத்துகூட வளையாமல் பார்த்துக்கொண்டேன். நான் ஊருக்குச் செய்த தொண்டு என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் கல்யாணம் ஆயிற்று. ஜெபராணிக்குச் சொந்த ஊர் கம்பம். வரும்போதே தையல் மிஷினோடு வந்தாள். வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு ரவிக்கை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குடைப்பாவாடை, கிறிஸ்துமஸ் வந்தால் தெருவில் பாதிப் பேருக்குப் புதுத்துணி என்று தைத்துக் கொடுப்பாள். ராசி விஷயத்தை அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைத் தூக்கிக் காட்டி, "கழுத்து வட்டமாத்தான வெட்டிருக்கேன். இதப் போடுறவுக ராசியும் வழுக்கிப் போயிருமோ?" என்று கேட்டாள். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எழுபத்து நான்கு பங்குனியில் அய்யாத்துரை அண்ணாச்சி வந்தார். பஜாரில் பருப்பு மண்டி வைத்திருப்பவர். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஒரு வளைவு செய்து வைப்பதாக வேண்டியிருந்தாராம். தகரத்தில் அரைவட்டமாக அடித்து வாங்கிவிட்டார், பதினாறு அடி அகலம். திருவிழாவுக்கு வருகிற ஜனம் அதற்குள் நுழைந்துதான் கோவிலுக்குப் போக வேண்டும். அதில் 'அருள்மிகு கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா' என்று நான் எழுத வேண்டும், அதுவும் வளைத்து.

"அண்ணாச்சி, வளைவு எழுத்து ராசி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ப்பா. அதுக்குத்தான ஒன்னயத் தேடி வந்தேன்" என்றார். "கடைக்கு வழுக்குனா நட்டம். ஆத்தாளுக்கு வழுக்குனா? அவ அருளு ரெண்டு பக்கமும் வழுக்கி வந்து சனத்து மேல விழுகட்டுமே! ஆத்தாளுக்கு வளைச்சுத்தான் எழுதணும். நேரா எழுதுனா அருளு அங்கனயே நின்டுரும்."

நான் சொன்ன பொய்க்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி என்றேன்.

எங்கள் வீட்டை ஒட்டி இருந்த காலிமனையில் வளைவைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். சாமி பெயர் என்பதால் முதல் எழுத்தை நல்ல நேரத்தில் வைத்துவிட வேண்டும், வைத்த எழுத்தைப் பிறகு அழிக்கக் கூடாது. தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். கிறிஸ்தவனான நான் கும்பிடுவதா, கண்ணை மூடி ஜெபிப்பதா என்று புரியாமல் முழித்தேன். சூடப்புகை மூக்கில் ஏறித் தும்மல் வந்ததுதான் மிச்சம். அண்ணாச்சி என் கையைப் பிடிக்க, நான் தூரிகையைப் பிடிக்க, வளைவின் இடது கோடியில் 'அ' விழுந்தது. அவர் கை இழுத்த இழுப்பில் தகரத்தின் சாய்வோடு சாய்ந்த, நல்ல அழகான 'அ'. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அண்ணாச்சி போனதும் மீதியை எழுதினேன். 'அருள்மிகு கௌமாரியம்மன்' வரை முடித்து நிமிர்ந்து பார்த்தால் வளைவில் முக்கால் பங்கு தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்த கால் பங்கில் சித்திரைத் திருவிழாவை அடைத்தேன். அந்த எழுத்துகள் கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நின்றன. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், 'அ'வைத் தவிர.

அடுத்த நாள் உஷாராகச் சின்னச் சின்னதாக எழுதினேன். எல்லாம் எழுதி முடித்த பிறகும் வளைவு மிச்சமிருந்தது. ஒரு தாமரைப்பூ போட்டேன். இன்னும் இடம் இருந்தது. ஐந்தாவது தாமரையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. துடைத்தேன்.

மூன்றாவது தடவை இடமெல்லாம் சரியாக வந்தது. ஆனால் எழுத்துகளை நேராக நிமிர்த்தி நிறுத்திவிட்டேன், எனக்குத் தெரிந்தது அதுதானே. வளைவு சரிய, எழுத்து நிமிர, பார்ப்பதற்குப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. கொஞ்சம் சாய்க்கலாம் என்று சாய்த்தால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. அதையும் துடைத்தேன். அந்த 'அ' மட்டும் பளபளவென்று தனியாக நின்று என்னைப் பார்த்தது.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. வளைவு சரியாக வராவிட்டால் அண்ணாச்சி வேறு ஆளைக் கூப்பிடுவார். அந்த ஆள் வந்து அரை நாளில் வளைத்து எழுதுவான். ராசி, சரிவு என்று ஒன்பது வருடம் நான் விட்ட கதை அத்தனையும் அந்த அரை நாளில் வெளுத்துவிடும். கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

காப்பி கொண்டுவந்த ஜெபராணி கட்டைப் பார்த்தாள். வளைவைப் பார்த்தாள். காப்பியை நான் அந்தக் கையாலேயே வாங்கியதையும் பார்த்தாள்.

"அவுத்துக் குடுங்க, அந்தத் துணி எனக்கு வேணும், லைனிங் துணி" என்றாள்.

அவிழ்த்துக் கொடுத்தேன்.

தகரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "ரவிக்கைக் கழுத்துக்கு லேஸ் வைக்கிற வேலதான இது? ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போனா, மறுஓரத்துல ஒண்ணு பத்தாது, இல்லாட்டி மிஞ்சும். நடுவ மடிச்சுக் குறி போட்டுக்கிட்டு, அங்கன இருந்து ரெண்டு பக்கமும் எறங்கணும்."

"மொத எழுத்து ஓரத்துல ஒக்காந்திருச்சே. அத அழிக்கக் கூடாது" என்றேன், இதற்கு என்ன செய்வாய் என்கிற தோரணையில்.

"எதுக்கு அழிக்கணும்? இந்தக் கோடியில எவ்வளவு விட்டு ஒக்காந்திருக்கோ, அந்தக் கோடியிலயும் அவ்வளவு விட்டுக் கடைசி எழுத்த வைங்க. பெறகு நடுவ மடிங்க."

பழைய பேப்பரை எடுத்துவரச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தையும் நான் பேப்பரில் எழுத எழுத அவள் கத்தரித்தாள். எண்ணிக்கையை அவள் நம்பவில்லை, டேப்பால் ஒவ்வொன்றின் அகலத்தையும் அளந்தாள். 'மா' ஓர் ஆள் இடத்தை எடுத்துக்கொள்கிறது, 'ரி' ஒல்லி, இரண்டுக்கும் ஒரே இடம் விட்டால் எப்படி என்றாள். பதினோரு வருடமாக எழுதுகிற எனக்கு அது உறைத்ததில்லை. பிறகு வளைவின் இரண்டு கால்களுக்கும் நடுமத்தியில் தரையில் ஓர் ஆணி அடித்தாள். என் நூலை எடுத்து, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறு முனையைத் தகரத்தின்மேல் வைத்துச் சுற்றினாள். கோடு வளைந்து விழுந்தது.

"குடைப்பாவாடைக்கு இப்படித்தான வெட்டுறோம். ஒங்க நூலு நேரா மட்டுந்தான் போகும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள்.

எழுத்து சாய்வதற்கும் அதே நூல்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஆணியிலிருந்து நூலை இழுத்துப் பிடித்து, அந்த நூலுக்கு நேராக எழுத்தை நிறுத்தினாள். உச்சியில் இருப்பது நிமிர்ந்து நின்றது, பக்கத்தில் இருப்பது அளவாகச் சாய்ந்தது. கஞ்சிப்பசை தடவி ஒட்டிக் காட்டியபோது அருள்மிகு கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா அந்தத் தகரத்தில் பிறந்து வளர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் அதன் ஓரத்தைக் கோடு இழுத்து, பேப்பரை எடுத்துவிட்டு, உள்ளே வர்ணம் அடித்தேன். அந்த வேலையைச் சாயம் முக்குகிறவர்களும் செய்வார்கள். இரண்டு பக்கமும் மிஞ்சிய சின்ன இடத்தில் ஒவ்வொரு தாமரை போட்டேன். அது மட்டும்தான் என் சொந்தக் கைவண்ணம்.

"அண்ணாச்சி கேட்டா என்ன சொல்வீக?" என்றாள்.

"உள்ளதத்தான் சொல்வேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீரபாண்டியில் வளைவைத் தூக்கி நிறுத்திய அன்று, தீச்சட்டி எடுத்து வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு மாலையைப் போட்டு, பந்தலில் இருந்த மைக்கை என் வாய்க்கு முன்னால் வைத்தார்.

"தேனியில இப்படி ஒரு எழுத்து இதுவரைக்கும் இல்ல. எப்படி எழுதுனீகன்னு நாலு சனம் கேக்கச் சொல்லுங்க ஆர்ட்டிஸ்டு."

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபராணி நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் வாயைத் திறந்தேன்.

"எல்லாம் பதினோரு வருச அனுபவம்ங்க" என்றேன்.

மைக் அதை ஆற்றின் அக்கரை வரை கொண்டுபோனது. ஜெபராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் என் கழுத்து மாலையை வாங்கி ஆணியில் மாட்டி, "அனுபவத்துக்குத் தண்ணி தெளிச்சு வைங்க, வாடிறப் போவுது" என்றாள். கூனிக்குறுகிப் போனேன். நாளைக்கே போய் அண்ணாச்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் இரண்டு பேர் வளைவு எழுதச் சொல்லி வந்து நின்றார்கள். முடிவு அப்படியே நின்றுவிட்டது.

வந்தவர்களுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "வழுக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

"ஓரத்துக்கு ஒரு தாமரை போட்டா அணை கட்டுன மாதிரி நின்டுரும்" என்றேன். இப்போதும் தேனி, போடி, கம்பம் எங்கே போனாலும் வளைவு எழுத்துக்கு இரண்டு பக்கமும் தாமரை இருப்பதைப் பார்க்கலாம். காரணம் கேட்டால் ராசி என்பார்கள்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. சுருளிப்பட்டிப் பள்ளிக்கூட வாசல், சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபம், எங்கள் சபைக் கோயிலின் கேட், எல்லாவற்றுக்கும் எழுத்தை அளந்து வெட்டி ஒட்டியது அவள். ஆள் வந்தால் பேப்பர் எழுத்துகளை மிஷினுக்கு அடியில் தள்ளித் துணியைப் போட்டு மூடிவிடுவாள். மூடச் சொன்னவன் நான்.

சபைக் கோயில் கேட்டைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தவள் சேலைகூட மாற்றாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"பெண்கள் ஐக்கியத்துல எல்லாரும் என்னயச் சுத்தி நின்டுக்கிட்டு, 'ஒனக்கென்ன, கையில கலை இருக்கிற மனுசன் கெடச்சிருக்காக, குடுத்து வச்சவ' அப்டின்னாக. நானும் ஆமான்னுட்டு வந்தேன்." கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைச் சும்மா உருட்டினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ங்க. ஒரே ஒரு தடவ, நாலு பேரு முன்னால, இது அவ வேலன்னு சொல்லுங்க. அது போதும்."

அவள் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. சொல்கிறேன் என்றேன்.

சொல்வதற்கு ஒரு வருடம் ஆயிற்று. எண்பத்தொன்றில் எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுவிழா வந்தது. சங்கத் தலைவர் சண்முகராஜ் வீட்டுக்கு வந்து, அந்த விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி 'வளைவு வேந்தன்' என்று பட்டம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அந்தப் பட்டத்தைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு கூசியது. இந்தத் தடவை தப்பவிடக் கூடாது என்று பேச வேண்டியதைத் தாளில் எழுதி, நான்கு நாள் மனப்பாடம் செய்தேன். ஜெபராணியை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னேன். அவள் புதுச்சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டாள்.

முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். மைக்கைப் பிடித்தேன். மனப்பாடம் செய்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"எனக்கு வளைச்சு எழுதத் தெரியாதுங்க. அன்னிக்கும் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. வீரபாண்டி வளைவுல இருந்து நேத்து வரைக்கும், அளந்தது, வெட்டுனது, நிறுத்துனது எல்லாம் இந்தா ஒக்காந்திருக்காளே, எம் பொண்டாட்டி ஜெபராணி. நான் வர்ணம் மட்டுந்தான் அடிச்சேன். இந்தப் பட்டம் அவளுக்குச் சேர வேண்டியது."

முதலில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் கை தட்டினார். அப்புறம் மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் இருந்த அய்யாத்துரை அண்ணாச்சி எழுந்து நின்று தட்டினார்.

நான் கையை ஆட்டினேன். "நெசமாத்தான் சொல்றேன். எனக்குத் தெரியவே தெரியாது!" என்று கத்தினேன். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

சண்முகராஜ் மைக்கை வாங்கினார். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"பாத்தீகளா? இவ்வளவு பெரிய கலைஞரு, தனக்கு ஒண்ணுமே தெரியாதுங்குறாரு. வீட்டுல ரவிக்கை தச்சுக்கிட்டு இருக்கிற சம்சாரத்துக்கே எல்லாப் பேரும்ங்குறாரு. இந்தத் தன்னடக்கம் நம்மள்ல யாருக்கு வரும்? அதனால சங்கத்துச் சார்பா நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பொன்னாடைய நாங்க போத்தல. அந்த அம்மாவே மேடைக்கு வந்து, அவுக கையாலயே ஆர்ட்டிஸ்டுக்குப் போத்தி விடட்டும்!"

இரண்டு பெண்கள் அவளை எழுப்பி மேடைக்குக் கூட்டிவந்தார்கள். சரிகை போட்ட பொன்னாடையை விரித்து அவள் கையில் கொடுத்தார்கள். போட்டோகிராபர் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்காமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பொய் சொன்னப்பவும் பேரு ஒங்களுக்குத்தான். நெசத்தச் சொல்லியும் பேரு ஒங்களுக்குத்தான். குனிங்க, எட்டல."

நான் குனிந்தேன்.